ஆர்லோவின் புதுத் துப்பாக்கி

தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, எச்சில் தொட்ட விரலைக் காற்றில் தூக்கிப் பிடித்து, மணல்மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து மூச்சை அடக்குகிறார் ஆர்லோ. சுடுகிறார். புகை கலையும் முன்பே கத்துகிறார்: "எங்க போச்சு?"

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தொலைநோக்கியில் கண்ணைப் புதைத்திருக்கும் அவர் மனைவி வெர்னா சொல்கிறார்: "இடப்பக்கம், கீழே. தட்டுல படவே இல்ல."

"சனியன் பிடிச்ச ஸ்கோப்பு!" துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைக்கண்ணாடியின், திருகை நாலு சொடுக்கு திருப்புகிறார். அடுத்த தோட்டா வேறெங்கோ போகிறது. மறுபடி திருகல். 'மூணு தோட்டா சுட்டுப் பாக்காம திருகைத் தொடுறவன் கையை ஒடிக்கணும்' என்று எங்கள் வட்டாரம் முழுக்க வைதுகொண்டு திரிந்த மனுஷன் இவர்தான். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் துப்பாக்கி சரி, சிதறினால் சொத்தை என்பது அவர் கணக்கு.

சர்ச் விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டுகள்தான் இலக்கு. நடுவில் அடுப்புக்கரியால் உள்ளங்கையளவு கறுப்பு வட்டம். நூறு, இருநூறு, முந்நூறு கஜத்தில் வேலிக்கம்பங்களில் ஆணியடித்து மாட்டியிருப்பார். தூரம் போகப் போகத் தோட்டா தாழும். எந்தத் தூரத்துக்கு எத்தனை சொடுக்கு என்று பிடிபட்டுவிட்டால் தரை அணில் எங்கே தலை தூக்கினாலும் தப்பாது. குறி விழுந்தால், தட்டுப் பக்கம் போய்ப் பார்ப்பவர் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவது எங்கள் மொன்டானாப் பக்கத்து வழக்கம். இந்த வசந்தத்தில் ஆர்லோவின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு தொப்பியும் உயரவில்லை.

தரை அணில் என்றால் ஏதோ செல்லப் பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். புல்லை வேரோடு தின்னும், நிலமெல்லாம் வளை தோண்டும். போன வருஷம் அவருடைய சினைப்பசு ஒன்று வளையில் கால் விட்டு முறித்துக்கொண்டது. ஆர்லோவே அதைச் சுட வேண்டியதாயிற்று. அதற்கே இரண்டு தோட்டா செலவானது. அத்தனை கிட்டத்திலிருந்து!

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான், வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரனான என்னைச் சாட்சி வைத்து, வெர்னா பேச்சை எடுத்தார். "இருநூறு கஜத்துல அணிலை அடிக்க முடியாத அன்னைக்கு மாட்டையெல்லாம் வித்துடணும். பில்லிங்ஸ்ல மக வீட்டுக்குப் போயிடணும். கை குடு."

"உனக்கு அந்த மாடி வீட்டு ஜன்னல்ல உக்காந்து கார் எண்ணணும்னு ஆசை," என்றார் ஆர்லோ. ஆனால் கை கொடுத்தார். மறுவாரமே பழைய துப்பாக்கியைக் குறைசொல்லித் தூக்கிப் போட்டுவிட்டு இதை வாங்கினார். அதற்கு அப்புறம் இது மூன்றாவது ஸ்கோப். முதலாவது 'மங்கல்', இரண்டாவது 'கோணல்'. மேஜையில் இருக்கும் காபிக் குவளைக்குப் பக்கத்தில் அவர் கையை வைத்துத் துழாவுவதை நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம். வேறென்ன செய்ய?

நேற்றும் இப்படித்தான் திருகித் திருகிச் சுட்டுவிட்டு, அவரே என்னை வேலியோரம் கூப்பிட்டார். "வாய்யா, மூணு சுடு. இது சொத்தைத் துப்பாக்கின்னு உன் வாயாலயே வரணும்."

"எனக்கு வேலை கிடக்கு, ஆர்லோ."

"வேலை எனக்கும்தான் கிடக்கு. உக்காரு."

இருநூறு கஜத் தட்டைப் பார்த்துச் சுட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று தோட்டாவும் மூன்று திசைக்குச் சிதறிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் சுட்டேன்.

வெர்னா தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? சொல்லு," என்றார் ஆர்லோ.

"நடுவுல இல்ல," என்றார் வெர்னா. "நீ திருகினதுல வலப்பக்கம் மேலே போயிருக்கு. ஆனா மூணும் ஒண்ணு மேல ஒண்ணு. ஒரே ஓட்டை, ஆர்லோ."

ஆர்லோ எழுந்து, வளைகளைக் காலால் தடவித் தடவித் தாண்டி, தட்டை நோக்கி நடந்தார். போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. வெர்னா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மூக்கு உரசும் அளவுக்குத் தட்டின் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி விரலால் தேடினார். கறுப்பு வட்டத்தைச் சுற்றினார், கீழே போனார், மேலே வந்தார். வலப்பக்க ஓரத்தில் விரல் நின்றது. நுனி உள்ளே போயிற்று.

எங்கள் பக்கம் திரும்பாமலே, தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.