பதினேழாம் கிழமையின் கையெழுத்து

என் கந்தோர் மேசையின் கீழ் லாச்சியில் பல வருடங்களாக ஒரு சி.ஆர். கொப்பி கிடந்தது. நீல மட்டை, முதுகில் கறுப்புத் துணி ஒட்டிய தடித்த கொப்பி. ஏழு நாள் கொண்ட ஒரு கிழமைக்கு இரண்டு பக்கம் என்று கணக்கு. பயிற்சிக்கு வந்தவர் அந்தக் கிழமை செய்த வேலையை எழுத வேண்டும். அடியில் ஒரு கட்டம். மேற்பார்வையாளர் அவரைச் சந்தித்துப் பேசியதாகத் திகதியிட்டு அதில் ஒப்பமிட வேண்டும். இருபத்துநான்கு கிழமைக்கு இருபத்துநான்கு கையெழுத்து, எல்லாம் பச்சை மை. அந்தக் கையெழுத்து என்னுடையது. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. அதைப் போடுவதில் எனக்கு அந்த நாளில் சின்னதல்ல, பெரிய பெருமையே இருந்தது.

கொப்பிக்குச் சொந்தக்காரரை நான் ராத்தா என்று கூப்பிட்டேன். எங்கள் கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரிக்குச் சொல்லும் வார்த்தை அது. நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் என்றாலும் அயலில் கேட்டு வளர்ந்ததால் வாயில் தானாக வரும். அவர் என்னை மிஸ் என்றார். அவருக்கு என்னைவிட ஒன்பது வயது கூட. ஆனால் பட்டம் என்னிடம் இருந்தது, பச்சைப் பேனையும் என்னிடம் இருந்தது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து கற்பிட்டி வீதி ஓரத்தில் குடியிருந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்த காலம். பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட அனுமதி, வெளிநாட்டுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் என்று எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வேலை ஓயாது. சமூகப்பணி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த ராத்தா ஆறு மாதக் களப்பயிற்சிக்கு அங்கேதான் வந்து சேர்ந்தார்.

அவரும் வடக்கிலிருந்து சிறுமியாக வந்தவர்தான். கல்யாணம் முடித்து, ஒரு மகள் பிறந்து, கணவன் இன்னொரு குடும்பம் தேடிப் போன பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். மகள் ராத்தாவின் தம்பி வீட்டில் வளர்ந்தாள். ஏழு வருடம் கழித்து வந்தவர் தையல் மெசினும் வாங்கவில்லை, கடையும் போடவில்லை, படிக்கப் போனார். வீட்டுக்காரரின் பிள்ளைகளோடு பேசிப் பேசி ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது. இந்த வயதில் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை கேட்டேன். கேட்ட விதத்தில் கொஞ்சம் கேலியும் இருந்திருக்க வேண்டும்.

"குவைத்தில இறங்கின உடன என்ட பாஸ்போட்ட வீட்டுக்காரி வாங்கி அலுமாரியில வெச்சுப் பூட்டினா மிஸ்," என்றார். "ஏழு வருஷம் அதக் கண்ணால காணல்ல. இனி ஒரு நாட்டுக்குப் போறெண்டா பாஸ்போட் என்ட கைப்பையில இரிக்கணும். மகளும் பக்கத்தில இரிக்கணும்."

அது வெறும் கனவாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு ஊரில் சிறுவர் இல்லம் நடத்துபவர்கள் வெளிநாட்டுச் சமூகப் பணியாளர்களை எடுக்கிறார்கள், விசாவுக்கு அவர்களே பொறுப்பு நிற்கிறார்கள் என்று கூடப் படித்த ஒருவர் மூலம் அறிந்து விண்ணப்பித்திருந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்த நாட்டின் பதிவு அலுவலகம் அவருடைய தகைமையை ஏற்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் ஒருவரின் மேற்பார்வையில் களத்தில் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். சுற்றிவளைத்துப் பார்த்தால் எல்லாம் அந்த நீலக் கொப்பியில் வந்து நின்றது. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராத்தா கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். நான் தொலைபேசியில் இருப்பேன், அல்லது அறிக்கை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். "வைங்க ராத்தா, பிறகு போடுறன்" என்பேன். வேனில் போகும்போதும் பிள்ளைகளின் வீட்டு வாசலிலும் நாங்கள் வேலையைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறோம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கட்டம் கட்டமாக வெறுமையாகவே கிடந்தது. இதில் நான் மட்டும் விசேஷம் இல்லை. எங்கள் பக்கத்தில் மேற்பார்வையாளர்கள் எல்லோரும் அப்படித்தான். கடைசி நாளில் ஒரே இருப்பில் இருந்து எல்லாவற்றையும் போட்டு முடிப்போம். அதை ஒரு பிழை என்றே யாரும் நினைத்ததில்லை.

பதினேழாம் கிழமை நான் ஊரில் இல்லை. காத்மண்டுவில் ஐந்து நாள் பயிற்சி. நல்ல குளிர், நல்ல சாப்பாடு, கழுத்தில் பெயர் அட்டையோடு படம் எடுத்து நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்கு அனுப்பினேன். அந்தக் கிழமை கண்டக்குழியில் மீனுக்குப் போன ஒரு வள்ளம் திரும்பி வரவில்லை. சோளகக் காற்று அடிக்கிற காலம். அதே காற்றில்தான் பக்கத்து விடுதிகளில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ராத்தா வள்ளத்தில் போனவரின் மனைவியோடு ஐந்து நாளும் இருந்தார். உடல் கிடைக்காமல் மரணப் பத்திரம் தர மாட்டார்கள். பத்திரம் இல்லாமல் பிள்ளைகளுக்கு ஒரு உதவியும் எடுக்க முடியாது. பொலிஸ், கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார். கொப்பியில் அதற்கு இரண்டு பக்கம் போதாமல் இன்னும் இரண்டு தாள் ஒட்டி எழுதியிருந்தார். "முதல் இரண்டு நாளும் அவர் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதன் பிறகுதான் படிவத்தை வெளியே எடுத்தேன்" என்று ஓர் இடத்தில் வரும். படிவத்தை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பக்கங்களை நான் முதன்முதலாக வாசித்தது எல்லாம் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு.

கொப்பியை ஒப்படைக்கிற நாள் வந்தது. ராத்தாவுக்கு மத்தியான பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டும். நான் பச்சைப் பேனையைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனேன். பதினேழில் கை நின்றது. என் கட்டத்துக்குள் பென்சிலில் ஒரு வரி இருந்தது: "மிஸ் பயிற்சிக்குப் போயிருக்கிறார். இந்தக் கிழமை சந்திப்பு இல்லை." அது என்னுடைய இடம் என்பதால் மையில் எழுதாமல் பென்சிலில் எழுதியிருக்கிறார். அவருடைய மரியாதை அப்படி. நான் அழிறப்பரை எடுத்துத் தேய்த்தேன்.

எதிர்க் கதிரையில் இருந்தவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அந்தக் கிழமை நீங்க இல்லயே மிஸ்?"

"கட்டம் வெறுமையாக் கிடந்தா கேள்வி கேட்பாங்க ராத்தா. நீங்க சும்மா இருங்க."

அவர் கதிரையில் பின்னால் சாய்ந்துகொண்டார். தூளை ஊதிவிட்டு அந்தக் கிழமையின் வெள்ளிக்கிழமைத் திகதியைப் போட்டு ஒப்பமிட்டேன். வளைவு, கோடு, இரண்டு புள்ளி.

டிப்ளோமா கிடைத்தது. சிறுவர் இல்லத்தார் என் அறையில் இருந்த கணினியில்தான் அவரை நேர்முகம் கண்டார்கள். நான் வெளியே நின்று காவல் காத்தேன், யாரும் கதவைத் தட்டிவிடக் கூடாதென்று. வேலை தருவதாகக் கடிதம் வந்த அன்று புத்தளம் நடைபாதையில் மகளுக்கு ஒரு ரோசா நிறக் கம்பளிச் சட்டை வாங்கினார். பதினொரு வயசுப் பிள்ளை, கற்பிட்டி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் கந்தோருக்கு வந்து வேர்த்து வடிய நின்றது. கழற்றச் சொன்னால் மாட்டேன் என்றது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

டிப்ளோமாவோடு திரும்பி வந்த கொப்பியை ராத்தா ஒவ்வொரு பக்கமாகப் பிரதி எடுத்துப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ராத்தாவுக்கு அல்ல, எனக்கு. எல்லாக் கையெழுத்தும் ஒரே தடவையில் போட்டவை போலத் தெரிகின்றன. பதினேழாம் கிழமை நீங்கள் மாணவியைச் சந்தித்ததாக இருக்கிறது, ஆனால் உங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதே திகதியில் நீங்கள் வேறொரு நாட்டில் இருக்கிறீர்கள். விளக்கம் தரவும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

உண்மையை எழுதினால் நாலு வரி. வேலை முழுவதும் அவர் செய்தது, கையெழுத்தை ஒரே நாளில் போட்டது நான், அவர் எழுதிவைத்த உண்மையை அழித்ததும் நான். இதை எழுதியிருந்தால் ஒருவேளை அவர்கள் அந்த ஒரு கிழமையைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனால் என் பணிப்பாளர் அறிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். மேற்பார்வையாளர் என்ற பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். மூன்று நாள் யோசித்து ஒரு வரி எழுதினேன்: "மாணவி திகதிகளைக் குறித்தபோது தவறு நேர்ந்திருக்கலாம்." 'இருக்கலாம்' என்று போட்டதில் எனக்கு ஒரு நிம்மதி. நான் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லையே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பதிவு அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. மாணவியின் பதிவேடு நம்பத்தக்கதல்ல என்று மேற்பார்வையாளரின் பதிலிலிருந்து தெரிகிறது என்று காரணம் எழுதியிருந்தார்கள். சிறுவர் இல்லமும் இனிக் காத்திருக்க இயலாது என்றுவிட்டது. ராத்தா அந்தக் கடிதத்தையும் கொப்பியையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"நான் பென்சில்ல எழுதித்தானே வெச்சிருந்தேன் மிஸ்," என்றார்.

"அவங்கட சட்டம் அப்படி ராத்தா," என்றேன். அவர் கொப்பியை எடுக்காமல் எழுந்து போனார். மூன்று மாதத்தில் திரும்பவும் குவைத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கடவுச்சீட்டு யாருடைய அலுமாரியில் இருக்கிறதோ என்று அன்றைக்கு நினைத்தது இன்றுவரை போகவில்லை. ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. அவருடைய தம்பி மனைவியே கடைத்தெருவில் சொன்னாளாம், கள்ளக் கொப்பி எழுதி வெளிநாட்டுக்காரனிடம் பிடிபட்டுவிட்டா என்று. அது என் காதுக்கு மூன்று தடவையாவது வந்தது. மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றினேன்.

இப்போது நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயிற்சிக்காரர்களோடு இருந்து கதைத்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன். பதிவும் கொப்பியில் இல்லை. கணினியில் ஏற்றினால் நாளும் நேரமும் தானாக விழுந்துவிடும். கண்டிப்பான மிஸ் என்று எனக்குப் பெயர். கேட்கும்போது கூச்சமாக இருக்கும்.

சென்ற மாதம் ஒரு பிள்ளை வந்து என் அறை வாசலில் நின்றாள். அந்த ரோசாச் சட்டைக்காரி என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை, ஏ.எல்., எழுதி முடித்துவிட்டாளாம்.

"உம்மா அடுத்த மாசம் ஒரேயடியா வாறா மிஸ். அவட கொப்பி உங்களிட்ட இரிக்காம். எடுத்து வெக்கச் சொன்னா."

லாச்சியைத் திறந்து கொடுத்தேன். கதிரையில் இருந்து பக்கங்களைப் புரட்டினாள். "உம்மா சொல்லுவா, உங்கட கையெழுத்து வடிவெண்டு. சரிதான்," என்று சிரித்தாள். பிறகு கொப்பியைப் பைக்குள் வைக்கப் போனாள். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அவள் போயிருப்பாள், நானும் வழமைபோலத் தப்பியிருப்பேன். கையை நீட்டிக் கொப்பியைத் திரும்ப வாங்கினேன். பதினேழாம் கிழமையைத் திறந்து, அவளையும் கூட்டிக்கொண்டு யன்னலடிக்குப் போய், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். அழிறப்பர் பென்சிலின் கறுப்பைத்தான் எடுத்திருந்தது. அழுத்தி எழுதிய தடம் தாளில் அப்படியே இருந்தது.

"என்ட கையெழுத்துக்குக் கீழ பாருங்க மகள். வாசிங்க."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்தாள். "மிஸ்... பயிற்சிக்குப் போயிருக்கிறார். இந்தக் கிழமை... சந்திப்பு இல்லை." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப உம்மா பொய் எழுதல்ல."

"இல்ல மகள். உம்மா எழுதினத அழிச்சிட்டுப் பொய் எழுதினது நான். வெளிநாட்டுப் பதிவுக் கந்தோர்ல கேட்டு எழுதினப்ப பழிய உம்மாவில போட்டதும் நான்தான்."

 அவள் தொலைபேசியை எடுத்து அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தாள். எழுத்து விழவில்லை. கொப்பியை இன்னும் கொஞ்சம் சரிக்கச் சொன்னாள். நான் சரித்துப் பிடித்தேன். நாலாவது தடவையில்தான் பச்சை மைக்குக் கீழே தாயின் வரி தெளிவாக வந்தது. "மாமிக்குக் காட்டணும்," என்றாள். பிறகு கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றும் சொல்லாமல், படி இறங்கி வீதிக்குப் போனாள்.