மைதீன் பிச்சையின் மூக்கு

வில்லியனூர் கடைத்தெருவில் மைதீன் பிச்சையின் நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயிற்றுக் கதையோடுதான் வருவார்கள். பொருமல், மாந்தம், செரியாமை. சுக்கோ, சித்தரத்தையோ, வசம்போ, அவர் ஒரு துண்டை ஒடித்து முகர்வார். அதன் பிறகுதான் தராசு. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கவும் கைக்குழந்தைக்கு உரைத்து ஊட்டவும் உறுவையாறு கிராமத்துப் பெண்கள் அவ்வளவு தூரம் நடந்தது அந்த மூக்கை நம்பித்தான்.

ஒரு மார்கழியில் வந்த விஷக்காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. எழுந்து உட்கார்ந்தவரிடம் மனைவி ரஹீமா சுக்குக் கஷாயத்தை நீட்டினாள். அவர் அதை முகத்தருகே கொண்டுபோய், "இன்னா புள்ள, வெறும் வெந்நியா?" என்றார். ரஹீமா பயந்துபோய் வசம்பைச் சுட்டு மூக்கருகே காட்டினாள். புகையில் கண்ணீர் வந்தது. வாசம் வரவில்லை.

"வெளிய தெரிஞ்சா பச்சப்புள்ளைக்கு எவ என் கையால மருந்து வாங்குவா? கடைய மூடிட வேண்டியதுதான்."

"உங்க மூக்குதான போச்சி? என்னுது இருக்குதுல்ல."

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரை. அன்றிலிருந்து மைதீன் பிச்சை சரக்கை ஒடித்து வழக்கம்போல் முகர்ந்துவிட்டு, "தண்ணி கொண்டா" என்று அந்தக் கையைத் திரைக்குள் விடுவார். ரஹீமா முகர்வாள். நல்ல சரக்கென்றால் அவள் கண்ணாடி வளையல் ஒரு முறை குலுங்கும். ஆகாதென்றால் இரண்டு முறை. ஊரில் அவருடைய தாகம் பெரிய கேலியாயிற்று. கடை நடந்தது.

சில வருஷம் கழித்து ரஹீமா தங்கையின் பிரசவத்துக்காக மதகடிப்பட்டுக்குப் போனாள். அவள் வரும்வரை புதுச் சரக்கு எடுப்பதில்லை என்றிருந்தார். ஆனால் சுக்குப் பானை காலியாகிவிட்டது. என் அக்கா தையலம்மாள் வயிறு உப்பி அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுக்கு கேட்டு நின்ற நேரம், கூடலூரிலிருந்து சரக்கு போடும் ஷரீப் மூட்டையோடு வந்து இறங்கினார்.

"மலையாளத்து சுக்கு பாய். பாலு மாதிரி வெள்ள. வேணுமா வேணாமா, சட்டுனு சொல்லு. வண்டி நிக்கிது."

மைதீன் பிச்சை ஒரு துண்டை ஒடித்தார், முகர்ந்தார். பழக்கத்தில் கை திரைக்குள் போயிற்று. "தண்ணி கொண்டா."

"பாயம்மா ஊர்ல இல்லியேபா! யாருகிட்ட தண்ணி கேக்குற?" என்று ஷரீப் சிரித்தார்.

திரைக்குள் போன கை அங்கேயே நின்றது. அக்கா குனிந்து மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒடித்தாள். நனைந்த கோணி நாற்றம். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவள் வளையல் குலுங்கியது. நின்று, மறுபடியும் குலுங்கியது.

மைதீன் பிச்சை திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கா குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தாள்: "சும்மா இர்றா! எப்பப் பாரு வளையலப் புடிச்சி ஆட்டிக்கினு!"

"வேணாம் ஷரீப். நனைஞ்சி காஞ்ச சரக்கு. மேல சுண்ணாம்பு பூசிட்டா ஆச்சா?"

"உன் மூக்க ஏமாத்த முடியாது பாய்" என்று முனகியபடி ஷரீப் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மைதீன் பிச்சை திரையிலிருந்து கையை உருவிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"எப்பத்திலருந்து தெரியும், தங்கச்சி?"

"எங்க தெருவுக்கே தெரியும் பாய். ரெண்டு வாட்டி குலுங்குனா அந்தச் சரக்க நாங்க கேக்கறதில்ல."

"தெரிஞ்சுமா வர்றீங்க?"

"முன்ன நீ ஒருத்தன் பாத்த. இப்ப ரெண்டு பேரா பாக்கறீங்க. அப்புறம் ஏன் வராம?"

அவர் பழைய வசம்புத் துண்டு ஒன்றைத் தேடியெடுத்து, அவளிடமே நீட்டினார். "சுக்கு இல்ல, இதச் சுட்டு உரைச்சிக் குடு. நீயே ஒருதரம் மோந்து பாத்துக்கம்மா."

மதகடிப்பட்டிலிருந்து திரும்பிய ரஹீமா இதைக் கேட்டதும் கோபப்பட்டாளாம். "இத்தினி வருசம் கை வலிக்க ஆட்டுனேனே, ஒரு வார்த்த சொன்னாளுங்களா!"

நான் சைகோன், ரங்கூன் என்று பிழைக்கப் போன பல ஊர்ச் சந்தைகளில் இஞ்சி வாங்கிவிட்டு இந்தத் தையில்தான் ஊர் திரும்பினேன். வழியெல்லாம் கண்டதைத் தின்று கெட்டிருந்த வயிற்றுக்குச் சுக்கு வாங்கப் போனேன். மைதீன் பிச்சை முகரவும் இல்லை, தண்ணீர் கேட்கவும் இல்லை. ஒடித்த துண்டைத் திரைக்குள் நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்துச் சொல்லு புள்ள" என்றார்.

உள்ளிருந்து குரல் வந்தது: "நல்லாருக்குது, குடுங்க."

அவர் தராசைத் தூக்கினார்.