எத்திராஜ் அண்ணாவின் ஜன்னல்

எத்திராஜ் அண்ணா போய்விட்டார்.

காலையில் ஃபாக்டரி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே... அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

வண்டலூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் டிரில்லிங் லைனில் ஆபரேட்டர், கான்ட்ராக்ட். நான் வேஸ்ட் கண்டுபிடிக்கிற ஆள்.

குப்பை இல்லை... காத்திருப்பது, தேவையில்லாமல் நடப்பது, தேவைக்கு மேல் செய்து அடுக்குவது, எல்லாமே எங்கள் பாஷையில் வேஸ்ட்தான்.

மூன்று நாள் டிரெயினிங் முடித்து கிளிப்போர்டோடு போய் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நேத்து ஓட்டுன பீஸே ட்ரேல தூங்கினு கீது. இன்னிக்கும் அதையே ஓட்டச் சொல்றீங்க. இதுக்கு இன்னா பேரு?"

ஓவர் புரொடக்ஷன் என்றேன். "பேரு நல்லாதான் கீது" என்று மெஷினை ஆன் செய்தார். சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது.

போன வருடம் ஒரு ஷிஃப்ட் முழுக்க வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னாலேயே நடந்தேன். ஆள் எங்கெல்லாம் போகிறாரோ அதைத் தாளில் பென்சிலால் கோடு போட வேண்டும். முடிவில் தாள் நூடுல்ஸ் கொட்டினது போல இருக்கும்.

அதில் சில கோடுகள் எந்த மெஷினுக்கும் போகவில்லை. மேற்குப் பக்க ஜன்னலுக்குப் போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தன. பதினோரு தடவை.

"ஏன்ணா அங்க போறீங்க?"

"சும்மா சார். காத்து வாங்க."

ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும், அப்போதுதான் உண்மையான காரணம் வெளியே வரும். டிரெயினிங்கில் முதல் நாளே சொல்லித் தந்தது. நான் ஒரு முறைதான் கேட்டேன். ஒரே ஒரு முறை. அந்தக் கோடுகளைச் சுற்றி சிவப்பு பேனாவில் வட்டம் போட்டு 'வேஸ்ட்' என்று எழுதினேன்.

மெஷின்களைத் திருப்பிப் போட்டு எல்லாவற்றையும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தோம். ஜன்னலை மறைத்து ஒரு ரேக் வந்தது.

"சார், அந்த ரேக்க மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?" என்றார். அப்போதும் ஏன் என்று கேட்கவில்லை. லேஅவுட் அப்ரூவ் ஆயிடுச்சுண்ணா என்றேன். நடையைக் குறைத்ததற்குக் கைதட்டலும் சர்ட்டிஃபிகேட்டும் வாங்கினேன். பாவி நான்.

மதியம் அனகாபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதான அவரு நடைய கொறச்ச சாரு? சொல்லிகினே இருப்பாரு... ரெண்டு வருஷமா மூச்சு வாங்கும் சார் அவருக்கு. தெரிஞ்சா வேலைக்கு வேணாம்னுடுவாங்கன்னு யாராண்டயும் சொல்லல. ஜன்னலாண்ட கொஞ்சம் நின்னா சரியாப் பூடும்னுவாரு... உக்காருங்க சார்."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை. அந்த ரேக்கைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கோழை மாதிரி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தேன். பென்சில் கோடுதான் போகிறது. சிவப்பு போகவில்லை.

தயவுசெய்து கமெண்டில் யாரும் ஆறுதல் சொல்லாதீர்கள்.

போங்கண்ணா... ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க. நான் வாட்ச் பார்க்க மாட்டேன்.