ஏழாம் சீட்டின் இருமல்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இருமத் தெரியாது என்று சொன்னால் எந்த டாக்டர்தான் நம்புவார்? மூன்று முறை சளி எடுத்துவரச் சின்ன டப்பா கொடுத்து அனுப்பினார். மூன்று முறையும் லேபிலிருந்து ஒரே பதில்: வெறும் எச்சில், சளி இல்லை.

சளி இல்லாமலா இரண்டு வருஷமாக நெஞ்சு கரகரக்கிறது? உடம்பு துரும்பாக இளைத்துவிட்டது. ஸ்கேனில் நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள்.

"டிபியோன்னு பயப்படாதீங்கம்மா. அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு கிருமி இருக்கு. மண்ணுல, தண்ணியில எல்லாம் கிடக்கும். அது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. ஆனா சளியில ரெண்டு தடவையாவது அது வளர்ந்து காட்டணும், அப்பதான் மருந்து. சளியே வரலேன்னா குழாய் விட்டுத்தான் எடுக்கணும்," என்றார் டாக்டர்.

குழாய் என்றதும் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். துணைக்கு வந்திருந்த எட்டு, "பாத்தியாடி ஏழு, இத்தனை வருஷம் அடக்கினதுக்குப் பலன்," என்று முழங்கையால் இடித்தாள்.

ஏழு, எட்டு என்பதெல்லாம் எக்ஸ்சேஞ்சில் அவர்கள் உட்கார்ந்த சீட்டு நம்பர்கள். நீளமான ஒரு அறை, வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள், எதிரே மினுக்கும் குட்டி பல்புகள், கையில் இணைப்புக்குச் செருகும் வயர்கள், தலையில் ஹெட்போன். சொந்தப் பெயர் வீட்டோடு சரி. வாசலைத் தாண்டினால் நம்பர்தான். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓயாமல் கிசுகிசுப்பு நடப்பதால் அந்த இடத்துக்கு ஏழரை என்று பேர் வைத்திருந்தாள் சூப்பர்வைசர். பூனை நடையில் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள் மகராசி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாரோ ஒருத்தர் தூரத்து ஊருக்குச் சாவுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் லைனில் இருமித் தொலைத்துவிட்டாள். "இருமறதா இருந்தா வீட்டுலயே இரு," என்றாள் சூப்பர்வைசர், பன்னிரண்டு பேர் காதிலும் விழும்படி. அன்று முழுக்க அவமானத்தில் காது சுட்டது. அதற்குப் பிறகு இருமல் வந்தால் மாத்திரை மாதிரி விழுங்கிவிடுவாள். ரொம்ப முட்டினால் எட்டின் முழங்காலில் இரண்டு தட்டு. எட்டு இவள் வயரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள், இவள் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்து வருவாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, எக்ஸ்சேஞ்சையே மூடி, புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த விழுங்கல் மட்டும் போகவில்லை.

குழாய்க்கு முன்னால் ஒரு கடைசி முயற்சியாக உப்புத் தண்ணீரை ஆவியாக்கி முகமூடி வழியே இழுக்கச் சொன்னாள் நர்ஸ். கண்ணில் நீர் கொட்டியது, தொண்டை துடித்தது. பழக்க தோஷம், ஏழு மடக்கென்று விழுங்கினாள்.

"அடியே, முழுங்காதடி!" என்று எட்டு போட்ட சத்தத்தில் நர்ஸே துள்ளிவிட்டாள். "சூப்பர்வைசர் செத்துப் பதினேழு வருஷமாச்சு! யாருக்குடி பயப்படறே?"

ஏழுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பு இருமலானது. எப்பேர்ப்பட்ட இருமல்! அடிவயிற்றிலிருந்து கிளம்பி, வராந்தாவில் போனவர்களை நிறுத்தி வைத்தது. டப்பாவில் கெட்டியாக வந்து விழுந்ததைப் பார்த்து, "அப்பாடா," என்றாள் நர்ஸ். மறுநாளும் வந்து இன்னொரு டப்பாவில் சளி கொடுத்தாள் ஏழு.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டிலும் அந்த ஒன்றுவிட்ட தம்பி வளர்ந்திருந்தான்.

"மூணு மருந்து, கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் ஆகும். குமட்டும். கண்ணை அடிக்கடி செக் பண்ணணும். வேண்டாம்னா கொஞ்ச நாள் பொறுத்தும் பார்க்கலாம், சில பேருக்கு அப்படியே இருந்துடும். ஆனா உங்களுக்கு எடை இறங்கிட்டே வருது, நானா இருந்தா ஆரம்பிச்சிடுவேன். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

மகன் போனில், "உன் இஷ்டம்மா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

"எழுபத்தொரு வயசுல ஒன்றரை வருஷம் குமட்டிக்கிட்டுக் கிடக்கணுமா? வர்றபோது வரட்டும், விடு," என்றாள் ஏழு, சமையலறையில் காப்பியை ஆற்றிக்கொண்டே. வழக்கம்போலப் பேச்சு அந்த எக்ஸ்சேஞ்ச் அறைக்குப் போனது. சுவர்க் கடிகாரம் வலப்பக்கம் இருந்தது என்றாள் எட்டு. "உளறாதே, இடப்பக்கம்," என்றாள் ஏழு. வழக்கமாக இது அரைமணி நேரச் சண்டை. அன்று எட்டு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு அழுதாள்.

"பன்னெண்டு பேர்ல பத்துப் பேர் போயாச்சுடி. நீயும் போயிட்டா, வலப்பக்கம்னு நான் சொல்லுவேன், இல்லேன்னு சொல்ல ஒரு ஆளு இருக்காது. நான் என்ன சொன்னாலும் அதுவே சரின்னு ஆயிடும். எனக்கு அது வேண்டாம்டி."

ஏழுக்கும் அழுகை வந்தது.

மறுநாள் காலை டாக்டருக்கு அவளே போன் செய்தாள்.

"ஆரம்பிச்சிடலாம் டாக்டர். ஒரு சண்டை பாக்கி இருக்கு."