மில்லுக்கு எத்தனை மார்க்கு?

சத்தத்தை அளக்கும் மீட்டர், டி.வி. ரிமோட்டுக்குக் கழுத்து முளைத்தது போலிருக்கும். கழுத்தின் நுனியில் ஒரு சின்ன மைக். அது காட்டுகிற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலில் மீட்டருக்கே ஒரு பரீட்சை வைக்க வேண்டும். பரீட்சை வைப்பதற்கென்று கேலிபிரேட்டர் என்றொரு குட்டி உருளை உண்டு. அதன் துளைக்குள் மைக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், கூ...வென்று ஏறாமல் இறங்காமல் ஊதும். அந்த ஊதல் சரியாகத் தொண்ணூற்று நான்கு டெசிபல். மீட்டரும் 94.0 என்று காட்டினால் அது யோக்கியமான மீட்டர். காட்டாவிட்டால் காட்டும்வரை திருத்த வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் போர்வெல் தண்ணீர் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டினேன். பிறகு ஒருநாள் எங்கள் சார் மீட்டரைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "அளக்கறதுக்கு முன்னாடி தொண்ணூத்தி நாலு. அளந்த பின்னாடியும் தொண்ணூத்தி நாலு. ரெண்டும் சரியா இருந்தா, நடுவுல வந்தது உண்மை. அரை பாயிண்ட்டுக்கு மேல நவுந்துச்சுன்னா அளந்தது அத்தனையும் குப்பை."

எனக்கு அது பைபிள், கீதை, மாவட்ட ஆட்சியர் உத்தரவு எல்லாமாகவும் பட்டது. பழகிப் பார்ப்பதற்காக அன்று சாயங்காலமே மீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் வந்த முதல் ஆள் நான். அதனால் நான் எதைச் செய்தாலும் அதைப் படிப்பு என்றே வீட்டில் நினைப்பார்கள். கேலிபிரேட்டர் ஊதியதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா வாளியோடு உள்ளே வந்தார்.

"எவ்ளோ வந்துச்சு?"

"தொண்ணூத்தி நாலுப்பா. கரெக்டா வந்துடுச்சு."

"நூத்துக்கா?"

"அப்படி இல்லப்பா. இது மடக்கைக் கணக்கு."

மடக்கை என்ற சொல் எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் அதற்கு மேல் நானும் அதுவும் நெருங்கிப் பழகவில்லை. அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரிதான். மீதி ஆறு இன்னாத்துக்குக் கொறஞ்சுது?"

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் அடுத்த வாரம் மில்லில் அவ்வளவு தூரம் போயிருக்காது.

அந்த மில் கல்வராயன் மலையின் அடிவாரத்தில், மலைக்கு ஏறும் ரோட்டின் ஓரத்தில் இருந்தது. கேழ்வரகும் சாமையும் கம்பும் அரைக்கிற மாவு மில். நடத்தியவர் ஐம்பது வயது இருக்கும் ஓர் அக்கா. மலையிலிருந்து மத்தியான பஸ்ஸில் மூட்டையோடு இறங்குகிறவர்கள் ஊருக்குள் மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு, சாயங்காலம் மாவை வாங்கிக் கடைசி பஸ்ஸில் ஏறுவார்கள். ஆகவே ஆறு மணிக்கு மேல்தான் மில்லில் கூட்டம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆறு மணிக்கு மேல்தான் வேலை. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சாயங்காலம் டி.வி. பார்ப்பார். மில் ஓடினால் ஒரு வார்த்தை காதில் விழவில்லை என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டிருந்தார். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்: லேப்பிலிருந்து ஆளைக் கூட்டிவந்து அளக்க வேண்டும், மில் பாஸானால் கடைசி பஸ் வரைக்கும் ஓட்டலாம், ஃபெயிலானால் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட வேண்டும். எதில் பாஸ், எவ்வளவு வந்தால் பாஸ் என்று யாரும் சொல்லவில்லை. குடியிருக்கும் இடத்தில் பகலுக்கு, அதாவது இரவு பத்து மணி வரைக்கும், ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. தனியாக அளக்கப் போன முதல் நாள் என்பதால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தேன். மில்லில் மேஜைத் தராசுக்குப் பக்கத்தில் மீட்டரை வைத்து, கேலிபிரேட்டரைச் செருகி ஊதவிட்டேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தார். காம்பவுண்டு சுவருக்கு மேலே கண்டக்டரின் தலையும் தெரிந்தது.

"இன்னா தம்பி, வண்டு கத்துற மாதிரி கத்துது?"

"மெஷினுக்குப் பரீட்சைங்கக்கா. தொண்ணூத்தி நாலு வரணும். வந்தாத்தான் பாஸு."

"கொஞ்சம் கொறஞ்சா?"

"ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

"யாரு?"

"எங்க சார்தான். ரொம்ப கண்டிப்பு. அரை பாயிண்ட்டுகூட வுட மாட்டாரு."

அக்காவின் முகம் மாறியது. நான் சொன்னது மீட்டரை. அவர் கேட்டது மில்லை. சுவருக்கு மேலிருந்த தலையும் எதையோ மனதில் குறித்துக்கொண்டு கீழே போனது. 94.0 வந்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மீட்டரை மேஜையிலேயே விட்டுவிட்டு, கண்டக்டர் வீட்டு ஜன்னலோரம் முக்காலி ஸ்டாண்டை நிறுத்த இடம் கேட்கப் போனேன். திரும்பி வந்தபோது மீட்டரின் நெற்றியில், அதாவது திரைக்கு மேலே, சந்தனமும் குங்குமமும் இருந்தன. மோட்டாரிலும் சுவிட்ச் போர்டிலும் தராசிலும் அதே பொட்டு. வெள்ளிக்கிழமை பூசை. என்னையும் மதித்து வைத்த பொட்டு என்று எடுத்துக்கொண்டு, மைக்குக்குக் காற்றுத் தடுக்கும் பஞ்சு உருண்டையை மாட்டி, கண்டக்டர் வீட்டு ஜன்னலோரம் ஸ்டாண்டில் பொருத்தினேன்.

"அக்கா, எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க!"

மில் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் கண்டக்டரின் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு. அறுபது. கதவருகே நின்ற அக்கா, கையை விரித்து ஆட்டி "எவ்ளோ?" என்று சைகையில் கேட்டார். ஒளிக்க என்ன இருக்கிறது? ஆறு விரலைக் காட்டிப் பிறகு முட்டியை மடக்கிக் காட்டினேன், அறுபது என்று.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மிளகாய் இடிக்கும் மெஷினும் ஓடத் தொடங்கியது. அறுபத்தாறு. திரும்பவும் சைகை, திரும்பவும் விரல். இப்போது மேல் தொட்டியில் தானியமே இல்லாமல் கல்லோடு கல் உரசும் சத்தம் வந்தது. எழுபத்தொன்று. பிறகு யாரோ இரும்புப் படியால் தகர டின்னைத் தட்டினார்கள். எழுபத்தைந்து; அதையும் விரலால் காட்டினேன்.

இந்தப் பக்கம் கண்டக்டர் வீட்டில் அதற்கு நேரெதிரான வேலை நடந்தது. அவர் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டி, வீட்டிலிருந்த ஜமக்காளம், கம்பளி, மெத்தை உறை எல்லாவற்றையும் மில்லுக்கும் மீட்டருக்கும் நடுவில் தொங்கவிட்டார். நாயைப் பின்பக்கம் கட்டிவிட்டு வந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் கூட்டத்துக்கு மேலே கத்திச் சில்லறை கேட்ட மனிதர், என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்:

"எழுவத்தஞ்சா? அப்ப ஃபெயிலுதான?"

"அளந்து முடிக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுங்க."

"புரியுது புரியுது. இன்னும் ரெண்டு போர்வ கீது, போடட்டா?"

சத்தம் வேண்டாம் என்பவர் சத்தத்தைத் தடுக்கிறார். இதில் என்ன தப்பு என்று நானும் சும்மா நின்றேன்.

மில் நின்றது. மீட்டரோடு மில்லுக்குத் திரும்பினேன். அக்கா தலைமுதல் கால்வரை மாவும் மிளகாய்த் தூளுமாக வெளியே வந்தார். தும்மி முடித்துவிட்டு, கண்டக்டருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எழுவத்தஞ்சுக்கு மேல ஏற மாட்டேங்குது தம்பி. மோட்டாரு பழசு. பாத்து ஒரு இருவது போட்டுக் குடுங்க."

"இன்னா போடணும்?"

"மார்க்குதான். தொண்ணூத்தி நாலுக்கு நான் எங்க போவேன்? மலையிலேர்ந்து வர்ற சனம் இந்த மில்ல நம்பித்தான வருது. ஆறு மணிக்கு மூடிட்டா அவங்க வேற ஊருக்குப் பூடுவாங்க. அப்புறம் காலையில நான் யாருக்கு அரைக்கறது, எனக்கா?"

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக உறைத்தது.

"அக்கா, அது மெஷினுக்கு. ஒங்க மில்லுக்குக் கம்மியாத்தான் வரணும். அம்பத்தஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் பாஸு."

"கம்மியா வாங்குனாத்தான் பாஸா? அது இன்னா பள்ளிக்கூடம்?"

சுவருக்கு அந்தப் பக்கம் கண்டக்டரின் காதில் இது விழுந்துவிட்டது. பிறகு, "அட, கம்மியாத்தான் வேணுமா!" என்ற குரலும், கொடியிலிருந்து ஜமக்காளங்களை உருவும் சத்தமும் கேட்டன.

அக்கா தராசு மேஜையின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மலைக்கார அம்மா ஒருவர், "இன்னாவாம்?" என்று கேட்டதற்கு, "நானே என் மில்ல மூடிக்கினேன்" என்றார். அந்த எழுபத்தைந்தை எழுதினால் மில்லுக்கு ஆறு மணிதான். எழுதாமல் இருக்க எனக்கு அதிகாரம் இல்லை. சாருக்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்டு அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அளந்த பின்னாடி தொண்ணூத்தி நாலு பாத்தியா?"

பார்க்கவில்லை. பஞ்சைக் கழற்றி மைக்கைக் கேலிபிரேட்டரில் செருகி ஊதவிட்டேன். 91.6. எடுத்துத் திரும்பவும் செருகினேன். 91.6. மைக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன் தலையில் இருக்கும் சல்லடை மூடியின் பொடித் துளைகள் முழுக்கச் சந்தனம். மேலே சின்னதாகக் குங்குமம்.

"அக்கா, இதுக்குமா பொட்டு வெச்சீங்க?"

"ஒடம்புக்கு வெச்சிட்டுத் தலைக்கு வெக்காம வுடுவாங்களா?"

போனில் சாரிடம் சந்தனம் என்று சொன்னேன். அவர் சொன்னார்: "மைக்குக்குக் காது அடைச்சிருக்கு. ரெண்டு பாயிண்ட்டுக்கு மேல நவுந்திருக்கு. அளந்தது அத்தனையும் குப்பை. மூடியக் கழட்டி பிரஷ்ஷால சுத்தம் பண்ணு. உள்ள இருக்கிற ஜவ்வத் தொட்டே, வேலைக்கு வராத. மறுபடி அளந்துட்டு வா."

அக்காவிடம், "பழைய கணக்கு செல்லாதுங்க, மறுபரீட்சை" என்றேன். அவர் மோட்டார் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

மூடியைச் சுத்தம் செய்து, 94.0 பார்த்து, மில்லை ஓட்டும் முன்னால் சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று பார்க்க மீட்டரை ஜன்னலோரம் வைத்தேன். அறுபத்தெட்டு. மில் நின்றுதான் இருந்தது. இப்போது புரிந்துகொண்ட கண்டக்டர், டி.வி.யை முழுசாக வைத்து, வாசலில் நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது ஒங்க சத்தம்."

"எவ்ளோ?"

"அறுபத்தெட்டுங்க. மில்லுக்கு முதல்ல வந்ததவிட ஜாஸ்தி."

மலைக்கார அம்மா சுவரோரம் வந்து நின்று சிரித்தார். "கண்டக்டரே, ஒன் பஸ்ஸுல வந்த காலத்துலேர்ந்து எங்களுக்குத் தெரியும். இஞ்சினு சத்தம் கேக்காது, ஒன் சத்தந்தான் கேக்கும். இப்போ மில்லு மேல பழி போடுறியா?"

"சத்தத்துக்கில்லம்மா. சாயங்காலம் ஒரு நியூசு கேக்க முடியல."

"மாவு இல்லாம மறுநா வர்றதுக்கு நீயா டிக்கெட்டு போடப் போற?"

கண்டக்டர் உள்ளே போய் டி.வி.யை நிறுத்தினார். நாயைக் கூட அதட்டவில்லை.

மில் எப்போதும் போல ஓடியது, தொட்டி நிறையக் கேழ்வரகோடு, ஒரே மெஷினாக. ஐம்பத்தேழு. முதலில் வந்த அறுபதில் நாய் குரைத்ததும் சேர்ந்திருந்தது. அக்கா கதவில் நின்று விரலைக் கேட்டார். இந்த முறை நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ரெண்டு ஜாஸ்தியா?"

"ரெண்டுதாங்க."

கண்டக்டர் சுவரோரம் நின்று மில்லின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசு போவதற்காக எப்போதும் திறந்து கிடக்கும் ஜன்னல் அது. அவர் வீட்டுக்கு நேராக இருந்தது. "அத்த மூடிட்டு ரோட்டுப் பக்க ஜன்னலத் தொறந்தா இன்னா?" என்றார்.

"இத்தினி நாளா அத்தச் சொல்றதுக்கின்னாண்ணே?" என்றார் அக்கா.

"நீ வந்து கேட்டியா?"

"நீ வந்து சொன்னியா?"

ஜன்னலை மூடி, உள்பக்கம் கோணி மூட்டைகளை அடுக்கினார்கள். ரோட்டுப் பக்க ஜன்னல் துருப்பிடித்துத் திறக்க மறுத்தது; கண்டக்டர்தான் இரும்புப் படியால் தட்டித் திறந்தார். மறுபடி ஓட்டினார்கள். ஐம்பத்து நான்கு. அளந்த பின்னாடியும் பார்த்தேன்: 94.0. மில்லில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பாஸுங்கக்கா" என்றேன்.

நான் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு ரோட்டோரம் வந்து நின்றபோது ஆறு மணி தாண்டியிருந்தது. ஷட்டர் ஏறியே இருந்தது, மில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் மலைக்குப் போகிறவர்கள் சூடு ஆறாத மாவு மூட்டைகளோடு நின்றார்கள். அந்த அம்மா ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"தம்பி, எங்க ஊருக்கும் ஒருநா வந்து அளங்க."

"அங்க இன்னா சத்தம்மா?"

"ஒண்ணும் இல்ல. பஸ்ஸு எங்களுக்கு முன்னாடி இருக்கிற ஊரோடயே திரும்பிப் பூடுது. ஹாரன் சத்தம் ஒண்ணு மட்டும் கம்மியா கீதுன்னு எழுதிக் குடுங்க."

அப்படி எழுத ஃபாரம் இருக்கிறதா என்று சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த அம்மாவின் பஸ் வந்துவிட்டது.