பொருந்தாத கருவிகளும் ஒரு கறுப்புத் துணியும்

என் ஆய்வகத்தில் வெளிச்சம் புகாமலிருக்க லேசர் மேசையைச் சுற்றித் தொங்கும் கறுப்பு வெல்வெட் திரையைப் பார்க்கும்போதெல்லாம், இதே வேலைக்காக முன்பு ஸ்ரீரங்கத்தில் நான் வாங்கிய மெல்லிய துணிதான் ஞாபகம் வருகிறது. கூடவே என் ஆய்வுத் தோழியும். "வெல்வெட்டே வாங்கிடலாம்டி, வெளிச்சம் பூந்துரும்" என்று கடையிலேயே சொன்னாள். "கல்யாண மண்டபமா கட்டுறோம்?" என்று கேலி செய்து, லைனிங் துணியோடு பஸ் ஏறியவள் நான்.

இரண்டு குவாண்டம் அளவீட்டுக் கருவிகள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கண்டறிவதுதான் திருச்சியில் நாங்கள் சேர்ந்து செய்த ஆய்வு. பொருந்தினால் ஒரே அளவீட்டில் இரண்டின் விடையும் கிடைத்துவிடும். இல்லையென்றால் ஒன்றை அளக்கப் போய் மற்றதை இழக்க வேண்டியதுதான். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஓர் ஒளித்துகளைப் பற்றி இரண்டு கேள்விகளில் எதைக் கேட்கப்போகிறோம் என்பதை ஒரு சுற்றில் அளப்பதற்கு முன்பே சொல்லிவிடுவோம். இன்னொரு சுற்றில் அளந்து முடித்த பிறகுதான் சொல்வோம். முன்பே சொல்லும்போது சரியான விடைகள் கூடுதலாகக் கிடைத்தால் கருவிகள் பொருந்தாதவை. முதல் சுற்றை அவள் காலையில் செய்வாள், அடுத்ததை நான் மதியம் செய்வேன். வித்தியாசம் அழகாகக் கிடைத்தது. அதைக் காட்டி அவள் வெளிநாட்டு ஆய்வு வேலைக்கு விண்ணப்பித்தாள், அழைப்பும் வந்துவிட்டது.

பிறகு அவளேதான் கண்டுபிடித்தாள். மேற்கு ஜன்னல் வெயில் அந்தத் துணி வழியே கசிந்து, மதிய அளவீடுகளை மட்டும் கெடுத்திருந்தது. வேளையை மாற்றிச் செய்ததும் வித்தியாசம் காணாமல் போயிற்று. துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் முடிவு தவறு என்று சொன்னாள். "துணியை யாரும்மா வாங்குனது?" என்று பேராசிரியர் எரிந்து விழுந்தார். "நாங்கதான் சார்" என்றாள். நான் தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்களிடமும் அவள் உண்மையைச் சொன்னாள். வேலை கைவிட்டுப் போயிற்று. நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கத்தில் முகம் எரிகிறது.

இப்போது அவள் தென்னூரில் பள்ளி ஆசிரியை. போன மாதம் என் ஆய்வகத்தைப் பார்க்க வந்தாள். எந்தக் கருவியையும் அவள் பார்க்கவில்லை. நேராகத் திரையிடம் போய், அதன் ஓரத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"நல்ல துணியா வாங்கியிருக்கேடி" என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.