வலது கையில் மலை

திரௌபதியைப் பற்றி எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். வேறு யாராவது எழுதினால் பாவம், உழைப்பாளி, சிரித்த முகம் என்று நாலு வார்த்தையில் மங்களம் பாடிவிடுவார்கள். அவள் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி என்பது எனக்கல்லவா தெரியும்! நாற்பத்தேழு வயதில், லாவோஸ் நாட்டில், செருப்பில்லாமல் என்னை எட்டு மணி நேரம் நடக்க வைத்த புண்ணியவதி அவள்.

நாங்கள் இருவரும், திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலைக்காரிகள். பஞ்சாயத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் படித்து, கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பூகோளம் நடத்தும் தமிழ்செல்வி டீச்சர் ஆனேன். கல்யாணம் கில்யாணம் எதுவும் இல்லை, அது தனிக் கதை. அவளுக்குப் பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் வளவன் பிறந்தான், முப்பதில் புருஷன் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு எதிர்ச் சந்தில், நாலு பெஞ்சு போட்டு இட்லிக் கடை ஆரம்பித்திருந்தாள். வெள்ளைக்காரர்கள் சாப்பிட வந்ததும் சட்னியில் காரத்தைக் கம்மி பண்ணினாள், கேழ்வரகுக் கஞ்சியில் தேங்காய்ப்பால் ஊற்றினாள், யாரையும் கேட்காமல் ஆங்கிலம் பேச ஆரம்பித்தாள். அவள் ஆங்கிலத்தில் நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது, எல்லாம் இன்றைக்கே நடக்கும். அது புரியவில்லை என்று ஒருத்தரும் எழுந்து போனதில்லை.

அந்தப் பக்கம் அறை எடுக்கிறவர்கள், காலி பண்ணுகிறவர்கள் எல்லாரும் முதுகுப் பையை அவள் கடையில்தான் போட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருஷம் பைகளைப் பார்த்தவள். தூக்கிப் பார்த்தே, "இது இப்பதான் கெளம்பியிருக்குது, துணி ஜாஸ்தி" என்பாள். "இது ஆறு மாசமா சுத்துது, பாரு, எடையே இல்ல" என்பாள். ஒருநாள் போலந்துக்காரப் பெண் ஒருத்தி ஊர் திரும்பும்போது, கொக்கி உடைந்த பச்சைப் பையை இவளுக்கே கொடுத்துவிட்டாள். மறுநாள் நான் போனபோது திரௌபதி அதில் பத்து கிலோ இட்லி அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி கூத்து இது?" என்றேன்.

"பழகுறேன். நீயும் ஒண்ணு வாங்கு, ரெண்டு பேரும் போறோம்."

"எங்க?"

"இத்தினி பேரு எங்கெங்கிருந்தோ வர்றாங்க இல்ல? அங்க."

சிரித்தேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போய், பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தவளும் நான்தான். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு மீகாங் ஆற்றைக் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன், கையால் தொட்டதில்லை! மூன்று மாதம் லீவு கேட்டேன். டீச்சருக்கு எதற்கு ஊர் சுற்றல் என்றார் கரஸ்பாண்டன்ட். அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மூன்று மாதம் என்று முடிவாயிற்று.

தடை வந்தது வளவனிடமிருந்து. வேலூரில் பேங்கில் வேலை பார்க்கிறான், தங்கமான பிள்ளை. ஆனால் வழி தப்புவது என்றால் அவனுக்குக் குலை நடுங்கும். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் உட்காருவான். காரணம் எனக்குத் தெரியும்.

அவனுக்கு ஏழு வயது இருக்கும்போது, ஒரு சித்ரா பௌர்ணமியன்று, ராஜகோபுரத்துக்கு எதிரே கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்டான். திரௌபதி மைக்கில் பேர் சொல்லச் சொல்லி, போலீஸ்காரர் ஒவ்வொருவர் காலாகப் பிடித்து, தொண்டை கட்டிப்போய்க் கிடந்தாள். நாலு மணி நேரம் கழித்து, பொழுது சாயும்போது, பொடியன் மூக்கு ஒழுக, கால் கொப்பளிக்க, அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். முதலில் பார்த்தவள் நான். எப்படிடா வந்தாய் என்றால், வலது கையைத் தூக்கிக் காட்டினான். "அம்மா சொல்லிச்சி. எங்க தொலைஞ்சாலும் மலைய வலது கையில வச்சிக்கினு நட, வூடு வந்துடும்னு."

அன்று துக்கம் விசாரிப்பதுபோல வந்த அக்கம்பக்கத்தாரிடம் திரௌபதி எப்படிச் சீறினாள் தெரியுமா? "எம்புள்ள எங்க காணாம போனான்? கிரிவலம் போனான். சுத்திக்கினு வூட்டுக்கு வந்துட்டான்." ஒரு வருஷம் இதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பெருமைதான் பட்டாள். பயம் பிள்ளைக்குள்ளேயே தங்கிவிட்டது.

கிளம்புவதற்கு முதல் நாள் வளவன் அம்மாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான். என்னையும் சாட்சிக்கு நிறுத்தினான்.

"மலையப் பாத்து சத்தியம் பண்ணும்மா. ஒரே ஒரு தடவ வழி தப்பினாலும் அடுத்த ப்ளைட்டுல திரும்பி வந்துடணும்."

"டேய், பாஷை தெரியாத ஊருடா..."

"அதனாலதான் சொல்றேன். எனக்குனு நீ ஒருத்திதான் இருக்குற."

 அவள் மலைப்பக்கம் திரும்பி, "அண்ணாமலையார் மேல சத்தியம்" என்றாள்.  எங்கள் ஊரில் மலையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை யாரும் மீற மாட்டார்கள், அவள் செத்தாலும் மீற மாட்டாள்.

ஆனால் விமானம் ஏறியதும் சத்தியமாவது ஒன்றாவது! மேகத்தைப் பார்த்து, "ஐயோ, இட்லிப் பானையத் தெறந்த மாதிரி இருக்குதுடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் முன் சீட்டுக்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். பாங்காக்கில் தெருக்கடை தெருக்கடையாக நின்று அடுப்பை ஆராய்ச்சி பண்ணினாள். ஒரு கடைக்காரி இவள் வெறுங்கையால் தோசை திருப்பிக் காட்டிய தோரணையைப் பார்த்து, கரண்டியையே கையில் கொடுத்துவிட்டாள். எங்களைவிட இருபது வயது சின்னவர்கள் தங்கும் விடுதியில் மேல் படுக்கை கேட்டு வாங்கி ஏறிப் படுத்தாள். ரயிலில் எல்லையைத் தாண்டி லாவோஸில் இறங்கியபோது எனக்கே கால் தரையில் பாவவில்லை. மீகாங் கரையில் பையை வீசிவிட்டு ஓடி, முழங்கால் வரை இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினேன். "தொட்டுட்டியாடி டீச்சரு?" என்று கரையிலிருந்து கத்தினாள். "தொட்டுட்டேன்டீ!" என்று நானும் கத்தினேன். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைத்திருந்தோம் இத்தனை வருஷமாக என்று இருந்தது.

பத்தொன்பதாம் நாள் பௌர்ணமி. லாவோஸில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம், விடுதிக்குப் பின்னாலேயே செங்குத்தாக ஒரு மலை. திரௌபதி விடியற்காலையிலேயே குளித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷத்தில் அவள் பௌர்ணமிக்குக் கிரிவலம் நடக்காமல் இருந்தது இரண்டோ மூன்றோ தடவைதான்.

"இத ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாமா? பதினொரு மணிக்கெல்லாம் வந்துடுவோம்."

வழக்கப்படி செருப்பை வாசலில் விட்டோம். கையில் ஒன்றும் எடுக்காமல் போவது வழக்கம், அதனால் போனையும் அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டோம். அறைச் சாவியை மட்டும் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். மலையை வலது கையில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம்.

பூகோளம் நடத்திய டீச்சர் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், மானம் போகட்டும். மலைத்தொடர் என்று போர்டில் எழுதிப் படம் போட்டவளுக்கு அன்று அது நினைவுக்கே வரவில்லை. எங்கள் ஊர் மலை ஒற்றையாக நிற்கும், சுற்றினால் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். மலை என்றாலே அப்படித்தான் என்று எங்கள் கால் நம்பிக்கொண்டிருந்தது. அந்த ஊர் மலை முடிகிற இடத்தில் இன்னொன்று தோளோடு தோள் ஒட்டி நின்றது, அதற்கப்புறம் இன்னொன்று. வயல், ஓடை, எருமைகள், மறுபடி வயல். வலது பக்கம் வழியே விடவில்லை.

"இதோ திரும்பிடும்" என்று ஒன்பது மணிக்குச் சொன்னாள். பதினொரு மணிக்கும் சொன்னாள். ஒரு மணிக்கு நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உன் கிரிவலத்துல இடி விழ! எங்கடி இருக்குறோம்?"

 அவள் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. கால் வலி இல்லை அது. சத்தியம் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஒரு கிராமம் வந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். திரௌபதி அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு கை அள்ளி உடைக்க ஆரம்பித்தாள். கீழ்பென்னாத்தூர் கடலைக் கொல்லையில் கூலிக்குப் போன கை, என்ன வேகம்! அந்தப் பெண் சிரித்துவிட்டாள், சோறு கொண்டுவந்தாள். திரௌபதி துப்பட்டாவை அவிழ்த்துச் சாவியைக் காட்டினாள். அதில் தொங்கிய பட்டையில் விடுதியின் பெயர் அவர்கள் எழுத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் படித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு டிராக்டரில் டிரெய்லரை மாட்டி எங்களை ஏற்றிக்கொண்டார்.

வந்த வழியே திரும்பியதால் மலை இடது பக்கம் வந்தது. திரௌபதி எழுந்து, பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்போதும் மலை அவளுக்கு வலது கையில்தான்.

ஐந்து மணிக்கு விடுதிக்கு வந்தால் போனில் வளவன் முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருந்தான். தினமும் மத்தியானம் பேசுவது வழக்கம்.

"போன் சார்ஜுல இருந்துச்சினு சொல்லு. அது பொய் இல்லையே" என்று கெஞ்சினேன். "வியட்நாம் பஸ் நாளைக்குக் காலையிலடி. இன்னும் ரெண்டு நாடு இருக்குது. இந்த ஜென்மத்துல மறுபடி வருவோமா?"

"மலையப் பாத்து சொன்னேன்டி" என்றாள். அவ்வளவுதான். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா போன? இங்க எனக்கு உசுரே இல்ல!"

"வளவா, நான் வழி தப்பிட்டேன்."  "சத்தியம் சத்தியம்தான். டிக்கெட் பாரு, வந்துடறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பச்சைப் பையைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எப்படிம்மா தப்புன?" என்றான்.

"பௌர்ணமிக்கு நடந்தோம்டா. மலைய வலது கையில வச்சிக்கினுதான் நடந்தேன். அது முடியவே இல்ல."

"கடைசி வரைக்கும் வலது கையிலதான் வச்சிருந்தியா?"

"பின்ன? டிராக்டர்ல வரும்போதுகூட திரும்பி உக்காந்துதான் வந்தேன்."

போனில் கரகரவென்று ஒரு சத்தம். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவன் அழுதுகொண்டே சிரிக்கிறான்.

"அப்ப நீ எங்கம்மா காணாம போன? கிரிவலம் போன. இன்னும் பாதியிலதான் இருக்குற. சுத்தி முடிச்சிட்டு வூட்டுக்கு வா."

திரௌபதி போனை மார்போடு பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன், கால் கொப்பளம் உடைந்து அலறினேன். கீழே இருந்து விடுதிக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மீதி எழுபத்தோரு நாளையும் ஒரு நாள்கூட விடாமல் சுற்றினோம். திரும்பி வந்து திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது காலை ஏழு மணி. வளவன் பைக்கோடு நின்றிருந்தான், எனக்கு ஆட்டோவும் பேசி வைத்திருந்தான். திரௌபதி இரண்டிலும் ஏறவில்லை. நேராக ராஜகோபுரத்துக்கு எதிரே, அவன் அன்று கையை விட்ட அதே இடத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

"இன்னும் முடிக்கலடா" என்றாள்.

"அடிப்பாவி, இங்கேருந்து வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர்!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. வளவன் பச்சைப் பையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்தாள். இருபத்தேழு வயசுப் பிள்ளை, கடைத்தெரு முழுக்கத் தெரிந்தவர்கள், அவன் உதறவே இல்லை. மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.